மலை இறங்கிய பியர்

இலங்கையில் பியர் பிறந்த ஊர் நுவரெலியா. 1848-இல் இங்கே வந்து பண்ணை வைத்த ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர், மறு ஆண்டே பியர் காய்ச்சத் தொடங்கினார். பின்னாளில் நைல் நதியின் ஊற்றைத் தேடி ஆபிரிக்காவுக்குப் போய்ப் பெயர் வாங்கிய பேக்கர் இவர்தான். அந்தத் தொடக்கம் 1881-இல் வணிக முறையிலான பியர் ஆலையாக வளர்ந்தது. இன்று ‘லயன்’ என்ற பெயரில் நாடெங்கும் விற்கும் பியரின் பூர்வீகம் அந்த ஆலைதான்.

பியர் ஆலைக்கு மலையுச்சியைத் தேடிப் போனதற்குக் காரணம் குளிர். பார்லியை ஊறவைத்துக் காய்ச்சிய சாறு நொதிக்கும்போது சூடு ஏறினால் சரக்கு புளித்துக் கெட்டுவிடும். குளிரூட்டும் இயந்திரம் இல்லாத அந்தக் காலத்தில் கொழும்பின் வெக்கையில் அந்த வேலை நடக்காது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் நிற்கிறது. சனவரி விடியலில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படியும். ஆலைக்கு வேண்டிய குளிரை ஊரே இலவசமாகக் கொடுத்தது. பக்கத்தில் அருவி நீர் ஓடியது, வாங்கிக் குடிக்கத் தோட்டத்துத் துரைமார் இருந்தார்கள். 1885-இல் ரயில் நானுஓயாவை எட்டியதும், மலையில் காய்ச்சிய பியரைப் பெட்டி பெட்டியாகக் கீழே இறக்க வழி கிடைத்தது.

குளிரூட்டும் இயந்திரம் வந்ததோடு நுவரெலியாவின் இந்த அனுகூலம் கரைந்தது. கூட்டம், துறைமுகம், சந்தை மூன்றும் கீழ்நாட்டில் இருக்க, பார்லியை மலையேற்றிப் பியரை மலையிறக்குவது வீண் செலவாகிவிட்டது. 1990களின் இறுதியில் உற்பத்தி கொழும்புக்கு அருகே களனி ஆற்றுப் பக்கமுள்ள பியகமவுக்குப் பெயர்ந்தது. கொக்கக்கோலாவின் ஆலையும் அதே பியகமவில்தான் உள்ளது.

களனி மலையகத்துக்கு அந்நியமான ஆறில்லை. சிவனொளிபாதமலைச் சாரலில் ஊறி மவுசாக்கலை நீர்த்தேக்கத்தை நிரப்பும் மஸ்கெலியா ஓயாவும், பொகவந்தலாவை வழியாக வந்து காசல்ரீயை நிரப்பும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி ஆறாகின்றன. ஆறு இறங்கிய அதே பள்ளத்தாக்கை ஒட்டி அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை என்று ஏழாம் இலக்க வீதி ஏறுகிறது. பியர் லொறியும் சோடா லொறியும் ஏறுவது அந்த வீதியில்தான்.

வரிதான் வானிலை

பியர், மென்பானம் இரண்டின் விற்பனையும் உலகெங்கும் வெயிலைப் பார்த்து ஏறி இறங்கும். இலங்கையில் வெயிலைவிட வரவு செலவுத் திட்டத்தைப் பார்த்தே அதிகம் ஏறி இறங்குகிறது.

இந்த நாட்டில் சட்டப்படி விற்கும் மதுவில் உள்ள மதுசாரத்தின் பெரும்பகுதி சாராயம் முதலான கடும் மதுவகைகளில் அடங்குகிறது. பியருக்குச் சிறிய பங்குதான். அந்தச் சிறிய பங்கு கடந்த பத்தாண்டில் பட்ட பாடு சுவாரசியமானது. 2015 நவம்பரில் பியர் மீதான வரி கடுமையாக உயர்த்தப்பட்டது, விற்பனை சரிந்தது. 2016 மே மாதம் பெய்த பேய்மழையில் களனி பெருகி, பியகம ஆலைக்குள் வெள்ளம் புகுந்தது. உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் போட்டிக் கம்பனியான மில்லர்ஸை லயன் வாங்கியிருந்தது. அதனால் நாட்டின் பியர் சந்தையில் பெரும்பகுதி ஒரே ஆலையை நம்பி நின்றது. அந்த ஆலை மூழ்கியதும் கடைகளில் பியருக்குத் தட்டுப்பாடு வந்தது. இறக்குமதி பியர் அந்த இடத்தைப் பிடித்தது.

அடுத்த திருப்பம் 2017 நவம்பரில் வந்தது. அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர முன்வைத்த வரவு செலவுத் திட்டம், பானத்தின் அளவை விட்டு அதிலுள்ள மதுசாரத்தின் அளவுக்கு வரி போடும் முறையைக் கொண்டுவந்தது. வலுக் குறைந்த மதுவுக்கு வரியும் குறையும் என்பது இதன் உட்பொருள். பியர் மலிந்தது, 2018-இல் விற்பனை துள்ளி எழுந்தது. மக்கள் சாராயத்தையும் கள்ளத்தனமாக வடிக்கும் கசிப்பையும் விட்டுப் பியருக்கு மாறினால் உடல்கேடு குறையும் என்று ஆதரவாளர்கள் சொன்னார்கள். சாராயம் குடிப்பவர் சாராயத்தைத்தான் குடிப்பார், பியர் மலிவு புதிதாக இளைஞர்களைத்தான் உள்ளே இழுக்கும் என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். மலையகத்தைப் பொறுத்தவரை எதிர்ப்பாளர்கள் சொன்னதில்தான் பொருள் அதிகம். அதன் காரணம் கணக்கில் இருக்கிறது, கீழே வருகிறது.

அதே வரவு செலவுத் திட்டம் சோடாவைக் கையில் பிடித்தது. மென்பானத்தில் உள்ள சர்க்கரைக்குக் கிராமுக்கு 50 சதம் என்று வரி விதித்தது. பியருக்கு இறக்கம், சோடாவுக்கு ஏற்றம் என்று இரண்டையும் ஒரே பொழுதில் ஒருவர் வாசித்தது அன்றைக்குப் பலருக்கும் விசித்திரமாகப் பட்டது. சர்க்கரை வரி நெடுநாள் அதே உயரத்தில் நிற்கவில்லை. ஓராண்டு கழித்து, 2018 இறுதியின் அரசியல் குழப்பத்தின்போது குறைக்கப்பட்டது. ஆனால் அந்த ஓராண்டில் மென்பானக் கம்பனிகள் விற்பனை இழந்தன. தங்கள் செய்முறைகளையும் திருத்தின, பல பானங்களில் சர்க்கரை குறைந்தது. விளம்பரத்தாலும் அறிவுரையாலும் ஆகாத காரியத்தை ஐம்பது சதம் செய்து முடித்தது.

அதற்கு முன்னோடியாக 2016 ஆகஸ்டில் போத்தலில் நிறக் குறியீடு கட்டாயமானது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2-க்குக் குறைந்தால் பச்சை. சிவப்பு விளிம்பில் உள்ள ஒரு 400 மில்லிலீற்றர் போத்தலைக் குடித்தால் 44 கிராம் சர்க்கரை உள்ளே போகும். அது பதினொரு தேக்கரண்டி. ஒரு நாளைக்கு வெளியிலிருந்து சேரும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்கட்டும் என்று உலக சுகாதார அமைப்பு வளர்ந்தவர்களுக்கே சொல்கிறது.

2022-இன் பொருளாதார நெருக்கடி இரண்டையும் ஒருசேர அடித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. பெறுமதி சேர் வரி 8 சதவீதத்திலிருந்து 12, 15 என்று ஏறி 2024 சனவரியில் 18 ஆனது. மதுவரியும் 2023-இலேயே இரு தடவை, தலா 20 சதவீதம், கூட்டப்பட்டது. விலை ஏற ஏற விற்பனை சுருங்கியது. விற்பனை சுருங்கியதைக் குடி சுருங்கியதாக எடுத்துக்கொள்ள முடியாது. முத்திரை ஒட்டிய போத்தலை மட்டும்தான் மதுவரித் திணைக்களம் எண்ணுகிறது.

கால் போத்தல் கணக்கு

ஹட்டனிலோ பொகவந்தலாவையிலோ மதுக்கடைக் கம்பிக்கு முன்னால் நிற்பவர் போடும் கணக்கு எளிமையானது: கையிலுள்ள காசுக்கு எதில் ‘ஏற்றம்’ அதிகம்? சாதாரண லாகர் பியரில் மதுசாரம் 4.8 சதவீதம். 625 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் 30 மில்லிலீற்றர் மதுசாரம் இருக்கும். ‘ஸ்ட்ரோங்’ என்று கேட்டு வாங்கும் வலுவான பியரில் 8.8 சதவீதம், போத்தலுக்கு 55 மில்லிலீற்றர். சாராயத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மதுசாரம். எனவே 180 மில்லிலீற்றர் கால் போத்தலில் 60 மில்லிலீற்றர் வரை தேறும்.

ஒரு கால் போத்தலுக்கு ஈடு கொடுப்பது ஸ்ட்ரோங் பியர் மட்டுமே. நாட்டில் விற்கும் பியரில் ஸ்ட்ரோங் வகையே பெரும்பங்கு பிடித்திருப்பதன் சூட்சுமம் இதுதான். வலுக் குறைந்த குடிக்கு மக்களைத் திருப்புவதாகச் சொன்ன கொள்கை, கடைசியில் பியரின் பெயரில் சாராயத்தின் வலுவை விற்க உதவியது. இதைக் கொள்கை வகுத்தவர்கள் முன்கூட்டியே கண்டிருக்க வேண்டும். கடைக்காரர் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது.

தோட்டத் தொழிலாளியின் குடி தொடக்கத்திலிருந்தே பியரோடு ஒட்டவில்லை. துரை பங்களாவில் பியரும் விஸ்கியும், லயத்தில் சாராயமும் கித்துள் கள்ளும் என்பது வெள்ளைக்காரன் காலத்துப் பிரிவு. அன்று சாராயத் தவறணைகளைக் குத்தகைக்கு விட்டு அரசாங்கம் காசு பார்த்தது. 1912-இல் வந்த மதுவரிச் சட்டம் அந்தக் குத்தகை முறைக்கு மாற்றாக உரிமப் பத்திர முறைக்கு வழிவகுத்தது. ‘தவறணை’ என்ற சொல் மட்டும் இன்றைக்கும் மலையகத்து வாயில் தங்கிவிட்டது.

குளிர் இன்னொரு காரணம். நுவரெலியாவில் மழையில் நனைந்து திரும்பும் ஒருவருக்குச் சில்லென்ற பியர் தேவைப்படுவதில்லை. ‘உடம்பு வலிக்கு’, ‘குளிருக்கு’ என்று சொல்லித்தான் கால் போத்தல் வாங்கப்படுகிறது. மதுசாரம் உடம்பைச் சூடாக்குவதில்லை என்பது வேறு கதை. அது தோலுக்கு அடியில் இரத்த ஓட்டத்தைக் கூட்டிச் சூடு போன்ற உணர்வைத் தந்து, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விட்டுவிடும்.

மலையகத்தில் பியரின் காலம் ஏப்ரல். சித்திரைப் புத்தாண்டையொட்டி நுவரெலியாவில் சீசன் களைகட்டும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி ஏரியில் படகு என்று கொழும்பே மலையேறி வந்துவிடும். விடுதி முற்றங்களில் பியர் டின்கள் குவியும். நாடளாவிய விற்பனைப் பட்டியலில் அது நுவரெலியா மாவட்டக் கணக்கில் ஏறினாலும், குடித்தவர்கள் ஊருக்கு வந்து போனவர்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் சீசனின் வாலை வெட்டியது. 2020-இல் கொரோனா ஊரடங்கால் சீசனே இல்லை.

அந்த ஊரடங்கு ஒரு பாடம் வைத்துவிட்டுப் போனது. மதுக்கடைகள் மூடிக் கிடந்த வாரங்களில் நாட்டின் பல பகுதிகளிலும் கசிப்புக்காரர்களின் காட்டில் மழை. சர்க்கரையும் ஈஸ்டும் நீரும் கலந்து பீப்பாயில் ஊறவைக்கும் கரைசலுக்குக் ‘கோடா’ என்று பெயர். அதை வடித்தால் கசிப்பு. தோட்டத்து ஓடைக்கரைகளும் காட்டு ஓரங்களும் இதற்குத் தோதான இடங்கள். நீர் உண்டு, விறகு உண்டு, ஆள் நடமாட்டம் குறைவு. முழுநிலா நாளான போயா தினத்திலும் மதுக்கடை திறக்கக் கூடாது. ஆண்டுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று போயா வரும். முதல் நாள் வாங்கி வைத்து மறுநாள் கூடுதல் விலைக்கு விற்கும் வீடுகள் எந்தத் தோட்டத்திலும் ஒன்றிரண்டு இருக்கும். விலையும் தடையும் ஏறும்போதெல்லாம் சட்டப்படியான விற்பனையின் கோடு கீழே இறங்குவதில் ஒரு பகுதி, இந்த வீடுகளுக்கும் ஓடைக்கரைகளுக்கும் இடம் மாறியதுதான்.

நெக்டோவும் கிரீம் சோடாவும்

மென்பானத்தின் வரலாறு மலையிலிருந்து தொடங்கவில்லை. 1866-இல் கொழும்பில் ஐஸ் கட்டி செய்யத் தொடங்கிய கம்பனி, பின்னர் சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ் ஆகி, ‘எலிபன்ட் ஹவுஸ்’ என்ற யானைச் சின்னத்தோடு சோடா விற்றது. உலகின் பெரும்பாலான நாடுகளில் உள்ளூர்ச் சோடாக்களைக் கொக்கக்கோலாவும் பெப்சியும் விழுங்கிவிட்டன. இலங்கையில் நெக்டோவும் கிரீம் சோடாவும் இன்னும் தலைநிமிர்ந்து நிற்கின்றன. ‘ஜிஞ்சர் பியர்’ என்பதில் பியர் என்ற பெயர் மட்டுமே உண்டு, அது இஞ்சிச் சோடா. வயிற்றுப் பொருமலுக்கு அதைத்தான் வாங்கி வரச் சொல்வார்கள். சாராயத்தில் கலக்கவும் அதைத்தான் தேடுவார்கள். ஆகவே சோடா விற்பனையில் ஒரு பகுதி சாராய விற்பனையின் நிழலாகவே நடக்கிறது. ஒன்று ஏறினால் மற்றதும் ஏறும்.

தோட்டங்களில் சோடா அன்றாடப் பானமாக இருந்ததில்லை. அன்றாடம் தேத்தண்ணிதான். பெரிய பிளாஸ்டிக் போத்தல் சோடா வீட்டுக்குள் வருவது திருவிழா, தீபாவளி, சடங்கு, கல்யாணம், கொழும்புக்குப் போன பிள்ளை திரும்பும் நாள். விருந்தாளிக்குக் கண்ணாடிக் குவளையில் சிவப்பாக நெக்டோ ஊற்றி, தட்டில் பிஸ்கட் அடுக்கி நீட்டுவது ஒரு மரியாதை. சமீப ஆண்டுகளில் அது மெல்ல மாறி வருகிறது. சிறிய போத்தல்கள் வந்தபின் பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடையிலும் சோடா கிடைக்கிறது. மது விளம்பரத்தை 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம் தடுத்துவிட்டது, 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்பதையும் தடுத்தது. சோடாவுக்கு அப்படித் தடை கிடையாது. தோட்டத்துச் சந்திக் கடையின் பெயர்ப்பலகையைக்கூடச் சோடாக் கம்பனி வரைந்து கொடுக்கும், கடைக்காரரின் பெயர் ஓரத்தில் சின்னதாக இருக்கும்.

இதைப் பொருட்படுத்தாமல் விட முடியாததற்குக் காரணம் தோட்டத்துக் குழந்தைகளின் உடல்நிலை. 2016-இல் நடந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள் நாட்டில் 17 சதவீதம், தோட்டத்துறையில் 32 சதவீதம். அப்படிப்பட்ட வீட்டில் பாலுக்குப் போக வேண்டிய காசு சர்க்கரைத் தண்ணீருக்குப் போனால் இழப்பு இரட்டிப்பு.

கூலியும் குடியும்

தோட்டத்துறையின் வறுமை விகிதம் 2019-இல் 33.8 சதவீதம், நாடு முழுவதற்கும் 14.3 சதவீதம். நெருக்கடிக்கு முந்திய கணக்கு இது. ஆயினும் வீட்டுச் செலவில் மது, புகையிலைக்குப் போகும் பங்கு மற்றத் துறைகளைவிடத் தோட்டத்தில் கூடுதலாக இருப்பதைக் குடும்பச் செலவு ஆய்வுகள் காட்டி வந்திருக்கின்றன. அதைக்கூட முழுக் கணக்கென்று நம்ப முடியாது. ஆய்வுக்காரரிடம் பதில் சொல்வது பெரும்பாலும் வீட்டுப் பெண், கணவர் டவுனில் செலவழித்தது அவருக்குத் தெரிவதில்லை.

அந்தப் பெண்ணோ காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்க் கொழுந்து பறித்துச் சம்பாதிப்பவர். இலங்கையில் பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்ற பழைய விதியை 2018 சனவரியில் நிதியமைச்சர் நீக்கினார், சில நாட்களில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பக் கொண்டுவரச் செய்தார். நாடே அதை விவாதித்தது. மலையகப் பெண்களின் குறையோ வேறு: தாம் வாங்க முடியவில்லை என்று யாரும் முறையிடவில்லை, சம்பள நாளில் தோட்டத்து வாசல்வரை கடை வந்து நிற்கிறதே என்றுதான் முறையிட்டார்கள். டவுன்களில் புது மதுக்கடை திறக்கும்போதெல்லாம் பெண்கள் பதாகையோடு வீதிக்கு வருவது மலையகத்தில் வழக்கமான காட்சி. 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வெளியான பட்டியலின்படி, அந்த ஆண்டில் முந்தைய அரசு நாடு முழுவதும் வழங்கிய மதுபான உரிமங்கள் 360-க்கு மேல்.

உரிமம் கொடுப்பதும் வரி எடுப்பதும் ஒரே கை. அந்தக் கைக்குக் குடி குறைவதில் அவசரம் இருக்காது என்பதை யாரும் ஊகிக்கலாம். பியர் மலிந்தால் அந்த வழியில் வரி வரும், சாராயம் ஏறினால் இந்த வழியில் வரி வரும். தோட்டத்துப் பிள்ளைகளின் வளர்த்தியைப் பற்றி மட்டும் எந்த மதுவரி அறிவித்தலிலும் பேச்சில்லை.

நாட்கூலி 2021-இல் 1,000 ரூபா ஆனது, 2024 செப்டம்பரில் 1,350 ஆனது. முழுப் போத்தல் சாராயம் வாங்க அந்தக் கூலியில் இரண்டு நாள் உழைப்பு போதவில்லை, மூன்றாம் நாளும் மலைக்குப் போக வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் நாட்கூலியை 1,750 ரூபாவாக்க முன்மொழிந்தது. அதில் 200 ரூபா அரசாங்கம் தன் பங்காகக் கொடுக்கும் வரவு ஊக்கத்தொகை. ஒரே ஒரு கால் போத்தல் சாராயத்தின் விலையில் அரசாங்கத்துக்குப் போகும் வரி, அந்த 200 ரூபாவைவிட அதிகம்.